பசியும் எடையும்: ஹார்மோன் பேசுகிறது, ஏற்பி கேட்கிறதா? (கேள்வி பதில்)

கே: லெப்டின் பசியைக் குறைக்கும் என்கிறார்கள். என் ரிப்போர்ட்டில் அது அதிகமாகவே இருக்கிறது. பசி மட்டும் ஏன் குறையவில்லை?

லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது கொழுப்புத் திசுதான். கொழுப்பு கூடினால் அதுவும் கூடும், ஆகவே ரிப்போர்ட்டில் வியக்க ஒன்றுமில்லை. சிக்கல், ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதமான ஏற்பியின் பக்கம். மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸில் உள்ள ஏற்பியில் லெப்டின் பொருந்தியதும் ஜாக்2 என்ற நொதி முடுக்கப்படும். அது ஸ்டாட்3 புரதத்தைக் கிளப்பிவிட, ஸ்டாட்3 செல்லின் உட்கருவுக்குள் போய் போம்சி மரபணுவை இயக்கும். அதன் விளைவாக வரும் ஆல்ஃபா எம்எஸ்ஹெச் என்ற ஹார்மோன், எம்சி4 என்ற இன்னொரு ஏற்பியில் அமர்ந்தால்தான் 'போதும்' என்று தோன்றும். இதே ஸ்டாட்3 சாக்ஸ்3 என்ற புரதத்தையும் உண்டாக்குகிறது, அதுதான் லெப்டினின் செய்திக்குப் பிரேக். லெப்டின் எந்நேரமும் மிகுந்திருந்தால் பிரேக்கும் விடாமல் அழுத்தியபடியே இருக்கும்.

கே: அப்படியானால் லெப்டின் ஊசி?

பிறவியிலேயே லெப்டின் சுரக்காத அரிய சிலருக்கு அது நன்றாக வேலை செய்யும். வழக்கமான உடல்பருமன் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வீண். இதற்கு விடை எலியிலேயே கிடைத்துவிட்டது. டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி, மரபணுக் கோளாறால் பருத்த இரண்டு வகை எலிகளின் ரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்தார். ஒரு வகை தீனியை விட்டுவிட்டுப் பட்டினியால் செத்தது, மற்றது பருத்தபடியே இருந்தது. முதலாவதில் ஹார்மோன் இல்லை, ஏற்பி உண்டு. இரண்டாவதில் ஹார்மோன் ஏராளம், ஏற்பி பழுது. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் மரபணுவையே கண்டுபிடித்தபோது இந்தக் கணக்கு நேரானது.

கே: தைராய்டு குறைவுதான் என் 20 கிலோவுக்குக் காரணமா?

அநேகமாக இல்லை. தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுங்கள், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பாக. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் எண் தப்பாக வழிகாட்டும்.

கே: செமாகுளூடைட் ஊசியை ஏன் இவ்வளவு மெதுவாக ஏற்றுகிறார்கள்? ஒரு வாரம் மறந்துவிட்டால் என்ன செய்வது?

செமாகுளூடைட், குடல் சுரக்கும் பசியடக்கும் ஹார்மோனான ஜிஎல்பி-1ஐப் போலச் செயல்படும் எடைக்குறைப்பு மருந்து. இயற்கையான ஜிஎல்பி-1ஐ டிபிபி-4 நொதி இரண்டு நிமிடத்திலேயே வெட்டிப் பாதியாக்கிவிடும். செமாகுளூடைடில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, கொழுப்பமில வாலொன்றைக் கோத்திருப்பதால் அது ரத்தப் புரதமான ஆல்புமினைப் பற்றிக்கொண்டு ஒரு வாரம் தாங்குகிறது. ஆனால் ஜிஎல்பி-1 ஏற்பிகள் குமட்டலைக் கிளப்பும் மூளைத்தண்டிலும் உண்டு. அதனால்தான் எடைக்கான வார ஊசியில் 0.25, 0.5, 1, 1.7 மில்லிகிராம் என ஒவ்வொரு படியிலும் 4 வாரம் நின்று 2.4க்குப் போகிறார்கள். அவசரப்பட்டுப் படி தாண்டினால் வாந்திதான்.

மறந்த ஊசி: அடுத்த டோஸுக்கு 2 நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடலாம், இல்லையென்றால் அதை விட்டுவிட்டு வழக்கமான நாளில் தொடருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் பழைய டோஸிலேயே நீங்களாகத் தொடங்க வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். உங்களுக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி வேண்டவே வேண்டாம்.

கே: எடை குறைந்ததும் நிறுத்திவிடலாமா?

நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. மன உறுதிக் குறைவு என்று இதைச் சொல்வது அபத்தம். எடை இறங்கியதும் லெப்டின் சரியும், இரைப்பையின் பசி ஹார்மோனான கிரெலின் ஏறும். ஊசி அந்தப் பசியை அமுக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான்.