குரங்கு அப்படிச் செய்யாது

ஐயா, என் மகனுக்கு மூன்றரை வயது. மாமனார் காபி ஆற்றும் முன் டம்ளரை மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். இப்போது இவனும் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தட்டுகிறான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. யோசிக்காமல் குரங்கு மாதிரி பார்த்ததையெல்லாம் செய்யாதே என்று அதட்டியும் பார்த்துவிட்டேன். பிறர் செய்வதைப் பார்த்தாலும் தானே செய்தாலும் ஒன்றுபோல இயங்கும் மூளைச் செல்லாமே, அந்தக் கண்ணாடி நியூரான்தான் காரணம் என்கிறார் கணவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்பதால் குழம்பியிருக்கிறானா? எப்படி நிறுத்துவது?
க., அல்சூர், பெங்களூரு

அன்புள்ள க.,

கன்னடம் யாரையும் குழப்பவில்லை. அந்தக் கவலையை இன்றே விடுங்கள். கண்ணாடி நியூரான்கள் முதலில் தெரியவந்தது மக்காக் குரங்குகளின் மூளையில். அந்தக் குரங்குகளோ பார்த்துச் செய்வதில் மந்தம். ஆக, அந்த விளக்கம் இங்கே உதவாது.

ஆனால் 'குரங்கு மாதிரி' என்று பிள்ளையை அதட்டினீர்களே, அது அநியாயம். 2005-இல் விக்டோரியா ஹார்னர், ஆன்ட்ரூ வைட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெட்டியை சிம்பன்சிகளுக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் காட்டினார்கள். மேலே தாழ்ப்பாளை நீக்கி, குச்சியைத் துளையில் குத்த வேண்டும். பிறகு முன்கதவைத் திறந்து, அதே குச்சியால் உள்ளிருக்கும் பரிசை எடுக்க வேண்டும். பெட்டி கருப்பாக இருந்தவரை சிம்பன்சிகள் எல்லாவற்றையும் செய்தன. கண்ணாடிபோல் தெளிவான பெட்டி வந்ததும், மேல் துளைக்கும் பரிசுக்கும் நடுவே தடுப்பு இருப்பது தெரிந்தது. மேலே குத்துவதை விட்டு நேரே கதவுக்குப் போயின. குழந்தைகளுக்கும் அதே தடுப்பு தெரிந்தது. அப்படியும் தாழ்ப்பாளை நீக்கினார்கள், குத்தினார்கள், பிறகுதான் கதவைத் திறந்தார்கள். தேவையில்லாததைச் செய்யாதே என்று முன்பே சொல்லிவைத்தும் குழந்தைகள் விடவில்லை என்று 2007-இல் இன்னொரு ஆய்வு காட்டியது.

இதை மூடத்தனம் என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். சயனைடு நஞ்சு உண்டாக்கும் கசப்பு மரவள்ளிக் கிழங்கைப் பாருங்கள். அமேசான் மக்கள் அதைச் சீவி, துருவி, அலசி, நாரையும் மாவையும் சாற்றையும் பிரிக்கிறார்கள். சாற்றைக் கொதிக்கவைக்கிறார்கள். நாரையும் மாவையும் இரண்டு நாள் போட்டுவைக்கிறார்கள். வேகவைத்தாலே கசப்பு போய்விடும், சயனைடு முழுதாகப் போகாது. அதன் கேடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்துதான் தெரியும். கசப்பு போயிற்றே, இந்த இரண்டு நாள் எதற்கு என்று தன் புத்தியை நம்பி விட்டுவிடுகிறவளின் குடும்பம்தான் நோயில் விழும். பாட்டி செய்ததை அப்படியே செய்கிறவள் பிழைப்பாள். காரணம் தெரியாத படியையும் விடாமல் செய்யும் அந்தக் குணம்தான் உங்கள் பிள்ளையிடம் இருக்கிறது.

யோசிக்கவில்லை என்பதும் தவறு. புடாபெஸ்டில் பதினான்கு மாதக் குழந்தைகளின் முன் ஒரு பெண் நெற்றியால் விளக்கை அழுத்தி எரியவைத்தார். கை சும்மா இருந்தும் நெற்றியால் அழுத்தியபோது 69 சதவீதக் குழந்தைகள் நெற்றியையே பயன்படுத்தின. போர்வையைப் போர்த்தி இரு கையாலும் பிடித்திருந்தபோது 21 சதவீதம்தான். 'பாவம், கை ஒழியவில்லை' என்று கணக்குப் போட்டுவிட்டார்கள் அந்தச் சின்னஞ்சிறுசுகள்.

நிறுத்தத்தான் வேண்டுமா? தாத்தாவின் தட்டலால் யாருக்கு என்ன நஷ்டம்? வேண்டுமென்றால் தாத்தாவே தட்டிவிட்டு, "அடடா, கை தவறிடுச்சு" என்று சொல்லட்டும். தவறிச் செய்ததாகத் தெரிந்தால், ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்கூட அதை அவ்வளவாகப் பின்பற்றுவதில்லை. அதட்டலை மட்டும் விட்டுவிடுங்கள்.

பார்த்ததை அப்படியே செய்யும் இந்தக் குணத்தை நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்கும்போது எதிரே உட்காராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் இடம் வலம் மாறாது. முதலில் பேசாமல் முழுதாக ஒருமுறை போட்டுக்காட்டுங்கள். அடுத்து மெதுவாக, பொத்தானின் விளிம்பு துளையில் பாதி வந்ததும் நிறுத்தி, மறு கையால் இழுப்பதைக் காட்டுங்கள். குழந்தைகள் தடுமாறுவது அங்கேதான். நடுவில் போனை எடுத்துப் பார்க்காதீர்கள், அதையும் ஒரு படி என்று எடுத்துக்கொள்வான்.