பல் வைத்தியப் பட்டத்துக்காகக் காணியை விற்காதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதினாள். இரசாயனவியலில் ஏ, மற்ற இரண்டிலும் சி. இந்தப் பெறுபேற்றுக்குப் பேராதனைப் பல் வைத்திய பீடத்தின் வெட்டுப்புள்ளி எட்டாது. இலண்டனில் இருக்கும் மாமாவோ, வெளிநாட்டில் காசு கட்டியாவது பல் வைத்தியம் படிப்பியுங்கள், பாதியை நான் கடனாகத் தருகிறேன், மிச்சத்துக்கு ஊர்க்காணியை விற்கலாம் என்கிறாராம். பிள்ளையின் கதை வேறு. அம்மம்மா வெற்றிலை பாக்குப் போட்டுப் போட்டு வாய் திறக்க முடியாமல் அவதிப்பட்டதைப் பார்த்த நாளிலிருந்து வாய் நோய்களைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிறாள். ஆனால் பல் பிடுங்கும் அறைக்குள் அவளால் ஐந்து நிமிடம் நிற்க முடியாது.

அம்மா, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்யும் முகவருக்கு முற்பணம் கட்டும் திகதி நெருங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் நேரே சொல்கிறேன். கட்டாதீர்கள்.

முதலில் காசு. அந்தக் கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 அளவுக்குப் போய்விட்டது. பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளின் வீடுகளில் என்ன நடந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். படிப்பை முடித்துவிட்டால் சரி என்றும் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்க வேண்டும், திரும்பி வந்து பதிவுக்கான பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். இளைய மகன் இன்னும் ஒன்பதாம் ஆண்டில் இருக்கிறான். ஒரு பிள்ளையின் பட்டத்துக்காக இரண்டு பிள்ளைகளின் காணியை விற்க உங்களுக்கு உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

காசை விடுங்கள். இந்தப் பிள்ளை பல் வைத்தியராக விரும்புகிறாள் என்று யார் சொன்னது? அவள் கேட்பது, பாக்கு ஏன் வாயை இறுக்குகிறது என்று. அது ஒரு இரசாயனக் கேள்வி. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்புறத்தில் கொலாஜன் நார்களைப் பெருகச் செய்கிறது, தோல் தடித்து இறுகுகிறது, சிலருக்கு அது புற்றுநோயாக மாறுகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய்க் காரணிதான் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. இதைப் பற்றி யோசிக்கிற பிள்ளையை ஏன் பல் பிடுங்கும் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தப் பார்க்கிறீர்கள்?

வாய் நோய்த் தடுப்பு என்றால் பல் வைத்தியர்கள் மட்டும் செய்த வேலை என்று நம் குடும்பங்களில் ஒரு எண்ணம் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1901இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் வைத்தியர் தன் நோயாளிகளின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். பல வருடம் தேடியும் காரணம் பிடிபடவில்லை. 1931இல் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு அலுமினியக் கம்பனியின் இரசாயனவியலாளர், எச். வி. சேர்ச்சில். குடிநீரில் ஃபுளோரைட் அளவுக்கு மேல் இருந்தது. அளவோடு இருந்தால் அதே ஃபுளோரைட் சூத்தையைத் தடுக்கும் என்பது அதன் பிறகு தெளிவாகி, இன்று உங்கள் வீட்டுப் பற்பசை வரை வந்திருக்கிறது. நம் வவுனியா, அனுராதபுரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் இதே பிரச்சினைதான். அங்கே பிள்ளைகளின் பற்களைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று சொல்கிறேன். துளைக்கும் இயந்திரம் இல்லாமல், கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைக்கும் முறை மின்சாரம் இல்லாத கிராமங்களுக்கும் போயிருக்கிறது. அதற்குப் பயன்படுவது கிளாஸ் அயனோமர் சீமெந்து. 1972இல் அதை அறிவித்த அலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் இலண்டனில் அரச இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளோரைட் பற்பசையையும் இந்தச் சீமெந்தையும் சேர்த்தது. மாமா கேட்டால் இதையும் சொல்லுங்கள்.

நம் ஆட்களோடு சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. முரசு நோய், அதாவது பல் ஈறு நோய், எப்படி வளர்கிறது என்று உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரிய பங்கு நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து போனது. ஹெரால்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரின் குழு 1970 தொடங்கி பதினைந்து வருடம் 480 தோட்டத் தொழிலாளரைப் பின்தொடர்ந்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்திய வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை. எல்லோர் பற்களிலும் அழுக்கு இருந்தும், ஏறக்குறைய 8 வீதமானவர்களுக்கு நோய் வேகமாகப் பரவியது, 11 வீதமானவர்களுக்குப் பரவவே இல்லை. ஏன் இந்த வித்தியாசம் என்ற கேள்வி இன்னும் ஆய்வுகூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் வயதில் இருக்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

சரி, வழி என்ன? உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், இராஜகிரியவில், இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் கல்லூரி இருக்கிறது. 1941இல் தொடங்கிய நிறுவகம். அங்கே நான்கு வருடத்தில் பட்டதாரி இரசாயனவியலாளர் ஆகலாம். இரசாயனவியலோடு உயர்தரச் சித்திகளைத்தான் பார்க்கிறார்கள். அரச பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் இங்கே யாரும் யாரையும் தள்ளிவிடுவதில்லை. கட்டணம் இருக்கிறது, ஆனால் ரூபாயில், வருடம் வருடமாக, காணியைத் தொடாமல் கட்டக்கூடியது. பகுப்பாய்வு, சேதனம், உயிர் இரசாயனம் என்று ஆய்வுகூடத்தில் மணிக்கணக்காக நிற்க வைப்பார்கள். அந்த நிற்றல் உங்கள் மகளுக்குப் பிடிக்கும். படித்து முடித்தவர்களில் பலர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கலாநிதிப் படிப்புக்குப் போயிருக்கிறார்கள். இரசாயனவியலில் அங்கே பொதுவாக நடைமுறை என்னவென்றால், மாணவர் கற்பித்தலில் உதவுவார், பல்கலைக்கழகம் கட்டணத்தை விலக்கி மாதாந்தம் உதவித்தொகையும் தரும். வாய்ப் புற்றுநோயின் உயிர் இரசாயனம், உமிழ்நீர்ப் பரிசோதனை, பல் அடைக்கும் பொருட்கள் எல்லாம் அந்தக் கட்டத்தில் அவள் தெரிவு செய்யக்கூடிய துறைகள். நாட்டிலேயே இருக்க விரும்பினால் தண்ணீர், உணவு, மருந்து, பற்பசை என்று பரிசோதிக்கிற ஆய்வுகூடங்கள் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கின்றன.

இனிப்பு மட்டும் சொல்லக்கூடாது. படிப்பு ஆங்கிலத்தில், முதல் வருடமே கடினம், இடையில் நின்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். டொக்டர் என்று யாரும் இருபத்தைந்து வயதில் கூப்பிடமாட்டார்கள். ஆரம்பச் சம்பளம் பல் வைத்தியருடையதைவிடக் குறைவு. சொந்தக்காரர் கலியாண வீட்டில் "பிள்ளை என்ன படிக்குது?" என்று கேட்டால் நீங்கள் கொஞ்சம் விளக்க வேண்டிவரும். அந்த விளக்கத்தைத் தவிர்ப்பதற்காகக் காணியை விற்பது நியாயமில்லை.

மாமாவைப் பகைக்க வேண்டாம். கடன் வேண்டாம் என்று சொல்லுங்கள். உதவ விருப்பமென்றால் வருடக் கட்டணத்தில் ஒரு பகுதியை அவர் அன்பளிப்பாகத் தரலாம். மகள் மறுத்துவிட்டாளானால், இந்த வழியும் வேண்டாம். நான் சொன்னேன் என்பதற்காக அவளை இராஜகிரியவுக்கு அனுப்பாதீர்கள். விருப்பமென்றால், சேருவதற்கு முன் இருக்கும் மாதங்களில் ஆங்கிலத்தில் இரசாயனப் பாடநூலை வாசித்துப் பழகட்டும், கணிதத்தில் மடக்கை, வகையீடு இரண்டையும் தூசி தட்டட்டும். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.