குளம்பு சீவியபின் குதிரை தயங்கி நடந்தால்

குளம்பு சீவி இரண்டு நாளாகியும் கல் தரையில் குதிரை தயங்குகிறது, லாடம் அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இரண்டு முன்கால்களிலும் ஒரே மாதிரித் தயக்கம், மண்ணில் மட்டும் ஒழுங்காக நடக்கிறது என்றால், அநேகமாக அடிப்பாகத்தை அதிகம் சீவிவிட்டார்கள். மெத்தென்ற தரையில் சில நாள் விடுங்கள்.

ஆனால் குளம்பைத் தொட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் நொண்டி, அது சூடாக இருந்து, கணுக்காலுக்குப் பின்னால் நாடி பலமாகத் துடித்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். இரண்டிலும் சூடும் துடிப்பும் என்றால் குளம்பு அழற்சியாகவும் இருக்கலாம். எதுவானாலும் இன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள், லாடமெல்லாம் அப்புறம்.

குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். அடுத்த முறை 6–8 வாரம் கழித்துச் சீவும்போது, அடிப்பாகத்தில் கத்தி வைக்காமல் ஓரச் சுவரை அரத்தால் குறைக்கச் சொல்லுங்கள்.