ஆண்டெக்ஸ் மடத்தின் கரும் டொப்பல்பாக்: கேள்வி பதில்

மியூனிக்கிலிருந்து எஸ் 8 ரயிலில் கடைசி நிறுத்தமான ஹெர்ஷிங்கில் இறங்கி, காட்டுப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு மணி நேரம் மேடேறி நடந்து, ஆண்டெக்ஸ் துறவற மடத்தில் நான் குடித்த கரும் டொப்பல்பாக் என்னும் வலுவான ஜெர்மானிய பீரைப் பற்றி முன்பு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். செம்மை ஓடிய அடர்பழுப்பு நிறம், ரொட்டி மேலோட்டின் மணம், உலர்ந்த கொடிமுந்திரியின் இனிப்பு, தொண்டையில் இறங்கிய பின் மெல்லப் பரவும் சூடு என்பதே அக்குறிப்பின் சாரம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விலை என்ன, எந்த ஊரில் கிடைக்கும் என்று கேட்டவர்கள் தத்தம் ஊர்க் கடைக்காரரிடம் விசாரித்துக்கொள்ளவும்.

கேள்வி: எந்தக் குவளையில், எவ்வளவு குளிர்ச்சியில் குடிக்க வேண்டும்?

மடத்தின் பீர்க் கூடத்தில் கற்குவளையில் தருகிறார்கள். கூட்டமாக உட்கார்ந்து குடிப்பதற்கு அது பொருத்தம். சுவைத்து அறிவதற்கு அன்று, ஏனெனில் நிறமும் தெரியாது, மணமும் அகன்ற வாய் வழியே கலைந்துவிடும். வீட்டில் வயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளையை எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ச்சிதான் முக்கியம். 4 பாகை செல்சியஸில் இந்த பீர் ஊமை. இனிப்பும் சாராயக் காரமும் மட்டுமே நாக்கில் படும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்து, 10 பாகையை நெருங்கும்போது முதல் வாயைக் குடியுங்கள். அப்போது ரொட்டி மணம் முன்னே நிற்கும். குவளையிலேயே 13, 14 பாகைக்கு ஏறும்போது உலர்பழ மணம் எழும், அதன் பின்னால் லேசாகக் கோகோ. ஒரே பீர் அரை மணி நேரத்தில் இப்படி மாறுவதைக் கவனிப்பதற்காகத்தான் இவ்வகை பீரை நான் தேடிப்போகிறேன். ஐஸ் போட்டுக் குடிப்பவர் இந்தப் பணத்துக்குச் சாதாரண லாகரே வாங்கலாம்.

கேள்வி: இந்த பீரின் ஆல்கஹால் 7.1 சதவீதம் என்பது பெரிய அளவா?

அரை லிட்டரில் 7.1 சதவீதம் என்றால் 35.5 மில்லி தூய ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 28 கிராம். 5 சதவீதமுள்ள 330 மில்லி பீரில் 13 கிராம்தான் இருக்கும். ஆகவே ஒரு பாட்டிலை ஒன்று என்று எண்ணாதீர்கள், இரண்டு என்று எண்ணுங்கள். மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு காரத்தை மறைத்துவிடுவதால் குடிக்கும்போது அளவு தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். மலைமேல் இருக்கும் அந்த மடத்துக்குக் காரில் போகிறேன் என்று எழுதியிருக்கும் அன்பருக்கு: நீங்கள் ஓட்டுநர் என்றால் உங்களுக்கு அங்கே ஆப்பிள் சாறு.

கேள்வி: இவ்வளவு இனிப்புக்குச் சர்க்கரை சேர்க்கிறார்களா?

இல்லை. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இவ்வகை பீருக்குச் சர்க்கரை சேர்ப்பதற்கு இடமே இல்லை. ஊறவைத்து முளைகட்டிய பார்லியைச் சற்று அதிக வெப்பத்தில் உலர்த்தினால், தோசையின் விளிம்பு முறுகும்போது நடக்கும் அதே வேதிவினை அத்தானியத்தில் நடக்கிறது. அந்த மால்ட்டுக்கு மியூனிக் மால்ட் என்றே பெயர். நிறத்துக்கும் ரொட்டி மணத்துக்கும் அடிப்படை அதுதான்.

அடுத்தது காய்ச்சும் முறை. வெந்நீரில் கரைத்த மால்ட் கூழின் ஒரு பகுதியைத் தனிக் கொப்பரைக்கு எடுத்துக் கொதிக்கவைத்து, மீண்டும் பெரிய கலத்தில் ஊற்றுவார்கள். அதனால் மொத்தக் கூழின் வெப்பமும் அடுத்த படிக்கு உயரும். வெப்பமானி இல்லாத காலத்தில் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்க இது கைவந்த உபாயமாக இருந்தது. இன்று அந்தத் தேவை இல்லையென்றாலும், கொதிக்கும் பகுதியில் கூடுதலாகச் சிவக்கும் மால்ட்டின் சுவைக்காகப் பலர் இதைக் கைவிடவில்லை. மேலும், சாதாரண பீருக்கு 100 கிராம் மால்ட் சாற்றில் 11 அல்லது 12 கிராம் கரைபொருள் போதும் என்றால், டொப்பல்பாக்குக்குக் குறைந்தது 18 கிராம் வேண்டும். ஈஸ்ட் அதில் பெரும்பகுதியைத் தின்று ஆல்கஹாலாக்கிய பிறகு மிஞ்சி நிற்பதே நீங்கள் உணரும் இனிப்பு.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. குடிக்கலாமா?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், என்னையல்ல.

கேள்வி: பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துக் குடிக்கலாமா?

கூடாது. காரணத்தை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மடாலய பீர் என்றாலே பெல்ஜியம்தானே? ஜெர்மானியர் செய்வது நகல் அல்லவா?

அல்ல. மியூனிக்கில் பவுலானர் சபைத் துறவிகள் பீர் காய்ச்சியதற்கான பதிவு 1634ஆம் ஆண்டிலேயே உள்ளது. பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலெ மடத்தில் பீர் காய்ச்சத் தொடங்கியது 1836இல், அதன் புகழ்பெற்ற டிரிபெல் என்னும் வலுவான வெளிர் பீர் வந்தது 1934இல். இதைக் கொண்டு பெல்ஜியம்தான் நகல் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். பெல்ஜிய ஈஸ்ட் வெதுவெதுப்பில் வேலை செய்து கிராம்பு, மிளகு, பழ மணங்களைத் தானே உண்டாக்கும். பவேரிய ஈஸ்ட் 10 பாகை அளவிலான குளிரில் மெல்ல வேலை செய்து, பின்னர் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடந்து, தன் மணம் எதையும் விடாமல் மால்ட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கும்.

(இன்னொருவர்) 1516ஆம் ஆண்டுத் தூய்மைச் சட்டப்படி பார்த்தால், சர்க்கரை சேர்க்கும் பெல்ஜிய பீர் கலப்படம்தானே?

வேறொரு நாட்டின் சட்டத்தை வைத்து ஒரு நாட்டின் சமையலைக் கலப்படம் என்பது எப்படி நியாயம்? அந்தச் சட்டம் பவேரியப் பிரபுக்கள் இங்கோல்ஷ்டாட்டில் பிறப்பித்தது. பார்லி, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, தண்ணீர் மூன்றை மட்டும் சொன்னது, ஈஸ்ட்டைச் சொல்லவே இல்லை, பீரின் விலையையும் சேர்த்தே நிர்ணயித்தது. பெல்ஜியத்தார் சேர்க்கும் சர்க்கரையோ இனிப்புக்காக அன்று. ஈஸ்ட் அதை முழுவதும் தின்றுவிடுவதால், வலுவிருந்தும் கனமில்லாத பீர் கிடைக்கிறது.

(முதலாமவர் மீண்டும்) அப்படியானால் ஜெர்மனியில் ஏன் டிராப்பிஸ்ட் முத்திரை பெற்ற பீர் இல்லை?

டிராப்பிஸ்ட் என்பது ஒரு துறவற சபையின் பெயர். மடத்துச் சுவருக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும், வருமானம் மடத்துக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும் என்பவை அம்முத்திரையின் நிபந்தனைகள். ஆண்டெக்ஸ் துறவிகளோ பெனடிக்ட் சபையினர், நம் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் சபை என்பார்களே, அவர்கள். எத்தனை ஒழுங்காகக் காய்ச்சினாலும் அந்த முத்திரை அவர்களுக்குக் கிடைக்காது, அவர்கள் கேட்கவும் இல்லை.

உருப்படியாகக் கேட்க வேண்டியது, பாட்டிலில் ஒட்டிய சீட்டில் மடத்தின் படம் போட்ட பீருக்கும் மடத்துக்கும் இன்று என்ன உறவு என்பதே. ஆண்டெக்ஸின் ஆலை மடத்துக்கே சொந்தம். வைன்ஸ்டெஃபான் மடத்தின் பெயரைத் தாங்கிய ஆலையின் கோர்பினியான் 7.4 சதவீதமுள்ள அருமையான டொப்பல்பாக்; ஆனால் அந்த மடம் 1803இல் கலைக்கப்பட்டது, ஆலை இப்போது பவேரிய அரசினுடையது. பவுலானர் துறவிகளின் மடமும் 1799இல் போயிற்று. அவர்களுடைய டொப்பல்பாக்கான சால்வாட்டர் மட்டும் நிற்கிறது. சுவையில் இம்மூன்றுக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். இருவரும் இதை இத்துடன் நிறுத்தினால் நல்லது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: துறவிகள் தவக்காலம் முழுதும் இதை மட்டுமே குடித்து வாழ்ந்தார்களாமே?

பவுலானர் சபையினர் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் மட்டுமல்ல, ஆயுள் முழுவதும் இறைச்சி, முட்டை, பால் மூன்றையும் விலக்க நேர்ந்துகொண்டவர்கள். நம் பெரியவர்கள் வெள்ளிக்கிழமை காத்த சுத்தபோசனத்தை ஆண்டு முழுவதும் காத்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரவம் நோன்பை முறிக்காது என்ற விதியின் நிழலில், அத்தகையோருக்குச் சத்துள்ள பீர் உணவாகப் பயன்பட்டதில் வியப்பில்லை. அன்றைய பீரில் சர்க்கரை முழுதும் புளிக்காமல் மிஞ்சியதால் இனிப்பு கூடுதல், சாராயம் குறைவு. இன்றைய பாட்டிலைக் கொண்டு அந்த நோன்பை யாரும் முயல வேண்டாம். ஒரு பீப்பாயை ரோமுக்கு அனுப்பினார்கள், அது வழியில் புளித்துவிட்டது, அதைச் சுவைத்த திருத்தந்தை இதைக் குடிப்பதே தவம் என்று அனுமதித்தார் என்பது பீர்க்கூடத்துக் கதை. நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: என் பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தது. பீரே அப்படியா?

இல்லை, அது காற்றுப்பட்டுப் பழசான பீர். கரும் பீரில் இது முதலில் திராட்சை மது போன்ற மணமாகத் தோன்றி ஏமாற்றும். பிறகுதான் அட்டை வாடை வரும். வெண்ணெய் மணம் வந்தால் நொதித்தல் சரியாக முடியவில்லை என்று பொருள். பச்சை பாட்டில் வெளிச்சத்தில் நின்றிருந்தால் ஹாப்ஸ் சிதைந்து வேறொரு நாற்றம் வரும். அடுத்த முறை தேதியைப் பார்த்து, கடையின் கண்ணாடிச் சன்னலில் வெயில் காய்ந்ததை விட்டுவிட்டு, உள்ளேயிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வகை பீரின் சீட்டுகளில் ஏன் ஆடு?

வட ஜெர்மனியின் ஐன்பெக் ஊர் பீரை மியூனிக்கார் தங்கள் வாயில் திரித்துச் சொன்னதில் 'பாக்' மிஞ்சியது என்பார்கள். ஜெர்மனில் அதற்குக் கிடா என்றும் பொருள்.

கேள்வி: அவசரத்துக்கு ஃப்ரீசரில் ஐந்து நிமிடம் மட்டும்?

கூடாது.

கேள்வி: பிரேமனில் படிக்கிறேன் அண்ணா. காலி பாட்டில் அழகாக இருக்கிறது. அலமாரியில் வைத்துக்கொள்ளலாமா?

சீட்டை வெந்நீரில் ஊறவைத்து உரித்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 8 சென்ட் வைப்புத்தொகை கிடைக்கும், பாட்டிலும் கழுவி நிரப்பப்பட்டு இன்னொருவருக்குப் போகும்.