ஸ்டுடியோக்காரர் பதில்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வாப்பா கொழும்பில் வியாபாரம் பார்த்தபோது வாங்கிய ரோலிஃப்ளெக்ஸ் 2.8எஃப் கேமரா பீரோவில் கிடக்கிறது. இணையத்தில் இதே மாடலுக்கு ஒருவர் மூன்று லட்சம் போட்டிருக்கிறார். எங்களுக்கும் கிடைக்குமா? (வாசகர், கீழக்கரை)

பதில்: போட்டிருக்கிறார், சரி. யாராவது வாங்கினார்களா? பாம்பனில் சீலா மீன் ஏலம் போகும்போது முதலில் கூவுகிற விலையையா நோட்டில் எழுதுகிறார்கள்? முடிந்த விலையைத்தான் எழுதுவார்கள். ஏல நிறுவனங்களும் முடிந்த விலையை வெளியிடுகின்றன. அதைப் பாருங்கள். அதில்கூட வாங்கியவர் கட்டிய தரகு சேர்ந்திருக்கலாம். விற்பவரிடமும் தனியாகப் பிடிப்பார்கள்.

2.8எஃப் 1960-ல் வந்த ஜெர்மன் சரக்கு. நன்றாக ஓடுகிற நிலையில் இருந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டிப் போவது சாதாரணம். நம் கரையில் சிக்கலே அந்த ‘நல்ல நிலை’தான். முதலில் உள்ளே பிலிம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாப்பா எடுத்த படம் ஏதாவது மிச்சம் இருந்தால் வெளிச்சம் பட்டுப் போய்விடும். அப்புறம் பின்கதவைத் திறந்து, வேகத்தை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, இரண்டு லென்ஸில் படம் பிடிக்கிற கீழ் லென்ஸ் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. மேலோட்டமாக இருந்தால் துடைத்து எடுக்கலாம். லென்ஸின் மேல்பூச்சையே தின்றிருந்தால் விலை பாதியாகக்கூட இறங்கும். அடுத்து வேகத்தை ஒரு விநாடிக்கு மாற்றுங்கள். ஷட்டர் ‘ர்ர்ர்’ என்று ஓடி மூட வேண்டும். நடுவில் நின்றால் பழைய எண்ணெய் இறுகிவிட்டது என்று அர்த்தம். சர்வீஸ் செலவைக் கழித்துத்தான் கேட்பார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பாலிஷ் போடாதீர்கள். பளபளவென்று ஆக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். தோலுறையிலிருந்தும் வெளியே எடுத்து வையுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூடி இறுக்கமான டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். உறையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், விற்கும்போது அதுவும் சேர்ந்திருந்தால் நல்லது.

கேள்வி: நிலவுக்குப் போன ஹாசல்பிளாட் கேமரா கோடிக்கணக்கில் விற்றதாமே! என் மாமாவிடமும் ஒரு ஹாசல்பிளாட் இருக்கிறது. (கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்)

பதில்: 2014-ல் வியன்னாவில் ஒரு ஹாசல்பிளாட் 6,60,000 யூரோவுக்குப் போனது உண்மை. அப்பல்லோ 15 விண்கலத்தில் நிலவுக்குப் போய்வந்தது என்று சொல்லி விற்றார்கள். அதையே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எடையைக் குறைக்க கேமராக்களை நிலவிலேயே விட்டுவிட்டு பிலிம் பெட்டியை மட்டும் கொண்டுவருவது அன்றைய வழக்கம். திரும்பி வந்ததாகச் சொன்ன ஒன்றுக்கு அந்த மவுசு அதனால்தான். மாமாவுடையது கல்யாண வீடுகளுக்குத்தானே போயிருக்கும்! இருந்தாலும் பிலிம் பெட்டி, லென்ஸ் எல்லாம் சேர்ந்து ஒழுங்காக ஓடினால் கௌரவமான விலை வரும்.

கேள்வி: ஆக்ஃபா கிளிக் 3 என்ன விலைக்குப் போகும்? (வாசகி, மண்டபம்)

பதில்: பரோடாவில் ஏராளமாகச் செய்து, நாடெங்கும் வீட்டுக்கு வீடு இருந்த கேமரா அம்மா அது. ஏலத்துக்கு அனுப்பினால் தபால் செலவுக்கே காணாது. அதில் போடுகிற 120 பிலிம் இன்னமும் விற்கிறார்கள். ஒரு ரோல் வாங்கினால் பன்னிரண்டு படம் எடுக்கலாம், பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள்.