காடை முட்டையில் மாதம் 9,000 ரூபாய் வருமா?

கேள்வி: நாங்கள் பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர். நானும் அங்கேயே செக்கிங் வேலை பார்த்தேன், சின்னவன் பிறந்த பிறகு போகவில்லை. 20 மாத ஏலச் சீட்டு, மாதம் 2,500 ரூபாய். ஒன்பதாவது மாதம் தள்ளி எடுத்ததில் 40,000 கைக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் தோட்டம் இருக்கிறது. ஒரு ஏஜென்ட், 100 காடைக் குஞ்சு, கூண்டு, ஒரு மூட்டை தீவனம் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். முட்டையை அவர்களே 3 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வார்களாம், மாதம் 9,000 நிச்சயமாம். அதில் சீட்டுத் தவணையைக் கட்டிவிட்டு மீதியில் அடகில் இருக்கும் என் மோதிரத்தை மீட்கலாம் என்று நினைக்கிறேன் (12,000 ரூபாய், இரண்டு வட்டி). பிள்ளைகளுக்கு முட்டைச் செலவும் மிச்சமாகும். விசாரித்ததில் தீவனம் கிலோ 40 ரூபாய். முட்டையிடும் பருவத்துப் பெட்டைக் காடை 60 ரூபாய். மளிகைக் கடையில் முட்டையை இரண்டரை ரூபாய்க்கு எடுப்பார்கள், அக்கம்பக்கத்தில் மூன்றரைக்கு வாங்குவார்கள். சின்னக் கூண்டுக்கு வெல்டர் 3,000 கேட்கிறார். இறங்கலாமா?

பதில்: காடை வளருங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஏஜென்ட்டிடம் மட்டும் வாங்காதீர்கள். 38,000 ரூபாயும் போடாதீர்கள். கணக்குப் போடத் தேவையான எல்லா விலையையும் நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏஜென்ட் உங்களுக்குப் போட்டுக் காட்டாத கணக்கை இப்போது போடுவோம்.

9,000 எப்படி வந்தது தெரியுமா? 100 காடை, ஆளுக்கு ஒரு முட்டை, முட்டைக்கு 3 ரூபாய், 30 நாள். அவ்வளவுதான். இதில் தீவனம் இல்லை, சாவு இல்லை, முட்டையிடாத நாள் இல்லை. எல்லாவற்றையும் விட, ஆண் காடையே இல்லை!

அவர் தருவது குஞ்சு. நாள் குஞ்சில் ஆண் எது, பெட்டை எது என்று சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. மூன்று வாரம் ஆன பிறகுதான் நெஞ்சு இறகில் பிடிபடும்: பெட்டைக்கு வெளிர் நிறத்தில் கரும்புள்ளி தெளித்தது போல இருக்கும், ஆணுக்குச் செம்பழுப்பாக ஒரே நிறமாக இருக்கும். ஆக 100 குஞ்சு வாங்கினால் ஏறத்தாழ பாதி ஆண். குஞ்சு பொரித்து வரும்போது எடை பத்து கிராம்கூட இருக்காது. முதல் இரண்டு வாரம் பல்பு வெப்பம் சரியாக இல்லாவிட்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்து மூச்சு முட்டிச் சாகும். குடிக்க வைத்த தண்ணீரில் விழுந்தும் சாகும், அதனால்தான் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைப்பார்கள். புதிதாக வளர்ப்பவர் கையில் 15 போனால்கூட ஆச்சரியமில்லை. மிச்சம் 85, அதில் பெட்டை 42. ஆண்களை ஐந்து வாரத்தில் கறிக்குக் கொடுத்தால் அவை தின்ற தீவனக் காசு திரும்பும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்டைகள் முட்டை வைக்கத் தொடங்க ஆறு, ஏழு வாரம் ஆகும். அதுவரை வரவு இல்லை, செலவுதான்.

இனி முட்டைக் கணக்கு. வளர்ந்த காடை நாளைக்கு 25 முதல் 30 கிராம் தீவனம் தின்னும். காடை தீவனத்தைக் கிளறிச் சிந்தும் பறவை, அதனால் 30 கிராம் என்றே வைப்போம். 100 பெட்டைக்கு 3 கிலோ, 120 ரூபாய். நல்ல பருவத்தில் 100 பெட்டை 80, 85 முட்டைகூட வைக்கும். ஆனால் இறகு உதிர்வது, வெயில், வயது எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டு முழுவதற்கும் சராசரி 70 என்று எடுப்பதுதான் பாதுகாப்பு. அப்படியானால் ஒரு முட்டைக்குத் தீவனம் மட்டும் 1 ரூபாய் 70 காசு. ஓராண்டுக்குப் பிறகு முட்டை குறைந்துவிடும், பறவையைக் கழித்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். அந்தச் செலவு, பல்பு கரண்ட், மருந்து, முட்டை டப்பா எல்லாம் சேர்த்து இன்னொரு 30 காசு. முட்டை ஒன்றின் அடக்க விலை 2 ரூபாய்.

மளிகைக் கடைக்கு இரண்டரைக்குக் கொடுத்தால் நிற்பது 50 காசு. முழுசாக 100 பெட்டை இருந்தாலே நாளைக்கு 35 ரூபாய், மாதம் 1,050. அதற்கு நீங்கள் தினம் ஒன்றரை மணி நேரம் தீவனம் போட்டு, தண்ணீர் மாற்றி, எச்சம் வாரி, முட்டை பொறுக்க வேண்டும். ஏஜென்ட் தரும் 100 குஞ்சில் தேறுகிற 42 பெட்டை என்றால் மாதம் 440 சொச்சம்தான். 38,000 ரூபாயை எடுக்க ஏழு வருஷம். அதற்குள் கூண்டுக் கம்பி துருப்பிடித்துவிடும்.

“அவர்கள் 3 ரூபாய்க்கு வாங்குகிறார்களே” என்பீர்கள். ஊர்க் கடையே இரண்டரைக்கு எடுக்கும்போது உங்கள் கிராமத்துக்கு வண்டி அனுப்பி 3 ரூபாய்க்கு எடுத்து, அதை அவர் எத்தனைக்கு விற்பார்? இந்த மாதிரித் திட்டங்களில் லாபம் பெரும்பாலும் முட்டையில் இல்லை, உங்களுக்கு விற்கும் குஞ்சிலும் கூண்டிலும் இருக்கிறது. நீங்கள் பல்லடத்துக்காரர், உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். உங்கள் பக்கத்தில் கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்க்கிறவர் குஞ்சுக்குக் காசு கொடுப்பதில்லை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தருகிறது. இவர் கொட்டகையும் உழைப்பும் போட்டு வளர்ப்புக் கூலி வாங்குகிறார். அங்கே கோழி செத்தால் கம்பெனிக்கும் நஷ்டம். உங்கள் ஏஜென்ட்டுக்கு முதல் நாளே முழுப் பணமும் வந்துவிடுகிறது, அப்புறம் காடை முட்டை வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன? 2012-இல் பெருந்துறையைச் சுற்றி ஈமு நிறுவனங்கள் மூடிக்கொண்டு போனபோது பறவைகளைக் கையில் வைத்துக்கொண்டு தீவனம் போட வழியில்லாமல் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அங்கேயும் பறவையை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்ற பேச்சுதான்.

அடுத்தது, பிள்ளைகளுக்கு முட்டைச் செலவு மிச்சம் என்பது. இதைச் சொன்னால் வருத்தப்படாதீர்கள், மிச்சம் ஆகாது. காடை முட்டை 10, 12 கிராம். கோழி முட்டை 50, 55 கிராம். ஒரு கோழி முட்டைக்கு ஐந்து காடை முட்டை உடைக்க வேண்டும். உங்கள் அடக்க விலையிலேயே அது 10 ரூபாய். கடையில் கோழி முட்டை அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. “ஆயிரம் கோழி அரைக் காடைக்குச் சமம்” என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். சத்தில் கிராமுக்குக் கிராம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளைகளுக்கு அந்தக் குட்டி முட்டையை உரித்துத் தின்பது பிடிக்கும், அதற்காக வளர்ப்பது நியாயமான காரணம். சிக்கனம் என்ற காரணம் நிற்காது. காடை முட்டையில் காசு பார்க்க ஒரே வழி அதை விற்பது, அதுவும் கடைக்கு இல்லாமல் நேராக வீடுகளுக்கு விற்பது.

இங்கேதான் உங்கள் தோட்டம் பயன்படும். 20 பெட்டை போதும். குஞ்சு வேண்டாம், 60 ரூபாய்க்குக் கிடைக்கும் முட்டைப் பருவத்துப் பெட்டையையே வாங்குங்கள், 1,200. கூண்டு 3,000. மூன்றடிக்கு இரண்டடி இருந்தால் தாராளம். உயரம் ஓரடி போதும், அதற்கு மேல் வைத்தால் மிரளும்போது எம்பி மண்டையை இடித்துக்கொள்ளும். அடிக்கம்பி முன்பக்கம் சற்றே சரிந்திருந்தால் முட்டை தானாக உருண்டு வெளியே வந்துவிடும், மிதிபடாது. வெல்டரிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். எலியும் பூனையும் கை விடாதபடி சுற்றிலும் அரை அங்குல வலை. தீவனம் 25 கிலோ, 1,000 ரூபாய். 40 நாளுக்கு வரும். மலிவாகக் கிடைக்கிறது என்று மழைக்காலத்தில் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பல்பு, தட்டு, டப்பாவுக்கு 500. மொத்தம் 5,700.

20 பெட்டைக்கு நாளைக்கு 14 முட்டை. காடை பெரும்பாலும் பிற்பகலில்தான் முட்டை வைக்கும், மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்தால் அன்றைய முட்டை அன்றே கைக்கு வரும். பதினாலையும் மூன்றரைக்கு விற்றால் தினம் 21 ரூபாய், மாதம் 630. நான்கைப் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டுப் பத்தை விற்றால் 35 ரூபாய் வரவு, 28 ரூபாய் செலவு. மாதம் 210 ரூபாயும் தினம் நான்கு முட்டையும் நிற்கும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஏஜென்ட்டின் 38,000 ரூபாய் திட்டத்தில் தேறும் மாதம் 440 ரூபாயோடு வைத்துப் பாருங்கள். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான முதலில் இது தேறுகிறது.

தீவனத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று சோறும் கீரையும் மட்டும் போட்டுவிடாதீர்கள். முட்டையிடும் காடைக்கு நூற்றுக்கு இருபது பங்காவது புரதம் வேண்டும், சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். தீவனத்தைக் குறைத்த வாரமே முட்டை நின்றுவிடும். பகல் வெளிச்சத்தோடு விளக்கும் சேர்த்து நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் இருந்தால்தான் தொடர்ந்து வைக்கும். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு போதும். விற்கிற முட்டைக்கு ஆண் தேவையே இல்லை. ஆண் இருந்தால் கத்தும், தின்னும், பெட்டையின் தலையைக் கொத்தும். பண்ணையில் வளர்ப்பது ஜப்பானியக் காடை, அது அடைகாப்பது அபூர்வம் என்பதால், அடுத்து யாராவது குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் விற்க வருவார்கள், அவரையும் அனுப்பிவிடுங்கள். எச்சத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை வாரி மக்கவிட்டுச் செடிக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த நெடிக்கு முட்டை வாங்குகிற பக்கத்து வீட்டுக்காரரே சண்டைக்கு வருவார்.

சட்டம் பற்றி ஒரு வரி. காட்டில் வலை போட்டுப் பிடித்த காடை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும், அதை வாங்கவே கூடாது. பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடைக்கும் 2011-இல் ஒரு கட்டுப்பாடு வந்தது, பின்னர் அதற்கு விலக்கு கிடைத்துவிட்டது. முட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பறவை வளர்ப்பு வருமானம் வரிச் சட்டத்தில் விவசாய வருமானம் ஆகாது, ஆனால் இந்தத் தொகைக்கு அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் 40,000. முதலில் ஒன்று: இது சேமிப்பு இல்லை, கடன். சீட்டைப் பாதியில் தள்ளி எடுத்தவர் மீதி 11 மாதமும் கட்டியாக வேண்டும். கழிவு போக மாதம் 2,250 என்று வைத்தாலும் 25,000 ரூபாய்க்கு நெருக்கம். இந்தப் பணத்தைப் பறவையில் முடக்கிவிட்டு, பறவை தரும் என்று தவணைக்குக் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, மோதிரம். அதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், நான் முதலில் வைப்பேன். 12,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 240 ரூபாய் போகிறது, வருஷத்துக்கு 24 சதவீதம். 20 காடை வளர்த்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு நீங்கள் மிச்சம் பிடிப்பது 210. மோதிரத்தை மீட்டால் தீவனம் இல்லாமல், நெடி இல்லாமல், பூனை பயம் இல்லாமல் 240 மிச்சம். நாளைக்கே வட்டியோடு கட்டி மீட்டுவிடுங்கள். பின்னால் அவசரம் வந்து மறுபடி வைக்க வேண்டியிருந்தால் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள். வட்டி பாதிக்கும் கீழே இருக்கும்.

மிச்சம் 28,000. இதுவரை ஒன்பது மாதமும் சீட்டுப் பணத்தைச் சம்பளத்தில்தான் கட்டினீர்கள், அது அப்படியே தொடரட்டும். ஆனால் ஆர்டர் இல்லாத மாதம் பனியன் கம்பெனிச் சம்பளம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் 15,000 ரூபாயை உங்கள் பெயரில் தனிக் கணக்கில் போடுங்கள், ஏ.டி.எம். கார்டு இல்லாத கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. சம்பளம் குறைகிற மாதம் அதிலிருந்து தவணை போகட்டும். 5,700 காடைக்கு. கடைசி 7,000 சொச்சத்தைப் பள்ளி திறக்கும்போது எடுக்கலாம், அதுவரை கைவைக்க வேண்டாம்.

பறவை வாங்கும் முன் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தில் ஒருநாள் வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், திருப்பூரிலேயே மையம் உண்டு. நந்தனம், நாமக்கல் என்று அவர்கள் வெளியிட்ட ரகங்களில் முட்டைக்கு ஏற்றது எது, கறிக்கு எது என்று அங்கே சொல்வார்கள். நம் பக்கம் பண்ணைகள் பெரும்பாலும் கறிக்காக வளர்ப்பவை என்பதால், இதைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

பறவை வந்த நாளிலிருந்து ஒரு நோட்டில் மூன்றே மூன்று எழுதுங்கள்: போட்ட தீவனம், எடுத்த முட்டை, வாங்கிய காசு. ஆறு மாதம் கழித்து, தெருவில் இன்னும் பத்து வீடு முட்டை கேட்டால், முட்டை லாபத்திலிருந்தே இன்னொரு 20 பெட்டை வாங்குங்கள். கேட்காவிட்டால் 20-லேயே நில்லுங்கள். மளிகைக் கடைக்குக் கொடுப்பதற்காக ஒரு கூண்டுகூடக் கூட்ட வேண்டாம், அந்த 50 காசு உங்கள் மாலை நேரத்துக்கு ஈடாகாது.