38 நாள் குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் மூன்றாவது மாடி ஃபிளாட். பையனுக்காக லேப்ரடார் குட்டி பார்த்தோம். ‘38 நாள் குட்டி, ஊசி போட்டாச்சு, இனச் சான்றுப் பேப்பர் அடுத்த மாசம் வந்துடும். சின்னதா எடுத்தாத்தான் சொன்ன பேச்சு கேட்கும்’ என்று சொல்லி புரோக்கர் இன்றைக்கே அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? மாடியில் இருந்துகொண்டு மூத்திரத்துக்கு எப்படிப் பழக்குவது?

பதில்: கொடுக்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதே 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளுக்கு விரோதம். சின்னதாக எடுத்தால் பழகும் என்பது விற்கிறவர் தன் வசதிக்குச் சொல்வது. பால் மறந்து தீனி தின்ன ஆரம்பித்தால் செலவு அவருடையது அல்லவா? கூடப்பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரளும் இந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்கிறது. முன்பே பிரித்தால் அந்தப் பாடத்தை உங்கள் பையன் கையில் படிக்கும்.

‘ஊசி போட்டாச்சு’ என்றால் தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியில் உரித்த ஸ்டிக்கர், தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். வெறும் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இருந்தால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே போட்டிருந்தாலும் ஒரு ஊசி போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தீரும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிறோம். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். குடலைத் தாக்கும் பார்வோ கிருமி தொற்றினால் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் கழித்துத்தான் வாந்தி தெரியும். வாங்கும்போது துள்ளிய குட்டி ஐந்தாம் நாள் ரத்தபேதியில் படுத்துவிடும். அப்போது புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

தாயைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வீடியோவில் காட்டுவது, ஏதோ ஸ்டேஷன் வாசலில் கைமாற்றுவது எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வயிறு பானையாக உப்பியிருந்தால் பூச்சி இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தால் வேண்டாம். பேப்பர் ‘அப்புறம் வரும்’ என்றால் வராது. விற்கிறவருக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். வாங்கிய உங்களிடமும் மாநகராட்சி லைசென்ஸ் கேட்கும். அதை எடுத்துவிடுங்கள், ரேபிஸ் ஊசிச் சான்று தேவைப்படும்.

எட்டு வாரக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்த தெருக்குட்டியைக் காத்திருக்க வைக்க முடியாது. அதற்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் பேதியாகும். நாய்க்குட்டிக்கான பால்பவுடரே வேண்டும். கண் திறக்காத குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுத்தால் புரையேறும், குப்புற வைத்தே கொடுங்கள். கூடப்பிறந்தது ஒன்று கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே வளருங்கள். ஆனால், தாயில்லாத குட்டி என்று கதை சொல்லி லேப்ரடார் விற்க வருகிறவருக்கு இந்த விலக்கு பொருந்தாது.

மூத்திரத்துக்குக் குளியலறையில் ஒரு மூலை போதும். தூங்கி எழுந்த உடனே, தின்று பத்துப் பதினைந்து நிமிஷத்தில், விளையாடி முடித்ததும் தூக்கிப்போய் செய்தித்தாளில் விடுங்கள். ராத்திரி ஒருமுறையாவது எழுந்திருக்க வேண்டும். போய் முடித்த அந்த நொடியிலேயே தின்ன ஒரு துணுக்கு கொடுங்கள். ஹாலுக்கு வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. தாள் மாற்றும்போது நனைந்த பழைய தாளில் ஒரு துண்டைப் புதுத் தாளுக்கு அடியில் வையுங்கள், வாசனைதான் அதற்கு அடையாளம். அந்த மூலையை ஃபினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, குட்டி ஹாலில் போகிறதே என்று அடிக்கிறார்கள். ஹாலில் போனால் வினிகர் கலந்த தண்ணீரில் துடையுங்கள். மூக்கைத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஊசிகள் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு கீழே போய் பஸ் ஹாரன், ஆட்டோ, ஹெல்மெட் போட்ட ஆள் எல்லாம் காட்டுங்கள். மூன்றரை மாதத்துக்குள் பார்க்காததற்கெல்லாம் பிறகு மிரளும். தரையில் மட்டும் விடாதீர்கள், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.